நீ அடைத்த யன்னல்கள்

வார்ட்டுக்குள் இப்போது வாவி மணக்கிறது. சேறும் பாசியும் இறாலும் கலந்த அந்த மணம் நம் பிள்ளைப்பேற்று வார்ட்டுக்குள் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நல்ல மணந்தான், ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. நீ கல் வைத்து அடைத்த யன்னல்கள் எல்லாவற்றையும் போன கிழமை திறந்துவிட்டோம். திறக்கச் சொன்னவள் நான். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

நான் பயந்தவள் என்பது உனக்குப் புதிதில்லை. இருவரும் ஒன்றாகத்தான் இந்த ஆசுப்பத்திரிக்குத் தாதியராக வந்தோம். கூரையில் தேங்காய் விழுந்தாலும் கட்டிலுக்குக் கீழே தேட வேண்டியவள் என்று என்னைப் பகிடி பண்ணுவாய். சண்டைக் காலத்தில் வார்ட்டுக்குள் வெடி பாய்ந்த அந்தப் பகலிலும் நான் அழுதுகொண்டுதான் நின்றேன். வாவியின் அக்கரையிலிருந்து வந்த துப்பாக்கிச் சன்னம் யன்னலால் நுழைந்து, பால்மாப் பேணியைத் துளைத்துச் சுவரில் புதைந்திருந்தது. பேணிக்குப் பக்கத்தில் முதல்நாள் பிறந்த பிள்ளை படுத்திருந்தது. நீ அழவில்லை. மறுநாள் சீமெந்துக் கல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கினாய்.

“ஆரிட்டக் கேட்டுக் கட்டுறீங்க மிஸி?” என்று பெரிய டொக்டர் சத்தம் போட்டார்.

“புள்ளையளிட்டக் கேட்டன் சேர்” என்றாய். அவர் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

வாவிப் பக்கம் முழுவதும் சுவராயிற்று. பகலிலும் லைட் எரிய வேண்டும், விசிறி சுழல வேண்டும். கரண்ட் நின்றால் எல்லாரும் வியர்த்து ஒழுகினோம். ஆனாலும் சுவரைப் பார்த்து நிம்மதியாகத்தான் இருந்தோம்.

சுனாமி கடற்பக்கத்தால் வந்தது. இருந்த ஒரே வாசலால் தண்ணீர் தள்ளிக்கொண்டு நுழைய, தாய்மாரைப் பிள்ளைகளோடு கட்டில்களில் ஏற்றி நிறுத்தினோம். கரண்ட் போய்விட்டது. காலை நேரத்தில் அப்படி ஓர் இருட்டும் புழுக்கமும். நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒட்சிசன் சிலிண்டர் திறக்கும் சாவியால் உன் சுவரையே இடித்தாய். ஒரு கல்கூட அசையவில்லை. உன் வேலை எப்போதும் அப்படி உறுதியானதுதான். தண்ணீர் தானாக வடிந்ததால் தப்பினோம், ஒரு பிள்ளையும் போகவில்லை. உன் விரல்களுக்கு நான் மருந்து கட்டியபோதுதான் நீ அழுததைப் பார்த்தேன்.

“இதத் திறக்கத்தான் வேணும் கா” என்றாய். “ஆனா இப்ப ஏலா. சண்ட முடியட்டும்.”

“முடிஞ்சிட்டெண்டு நமக்கு ஆரு சொல்லப்போறா?”

“நான் சொல்றன். நான் சொன்னா நீ பயப்பிடாமத் திற.”

நீ சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் ஏசி தந்தார்கள், அதை இழுக்கப் பெரிய ஜெனரேட்டரும் தந்தார்கள். டீசலுக்கு அலைந்த அலைச்சலில் யன்னல் கதை மறந்துபோயிற்று. கிழக்கில் சண்டை ஓய்ந்து வடக்குக்குப் போயிருந்த நாட்களில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது. பிறகு ஒரு நாள் எல்லாம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. எனக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வரவில்லை.

இப்போது ஓர் இளம் டொக்டர் பொறுப்பாக வந்திருக்கிறார். கெட்டிக்காரர், என்னைப் போல நகம் கடிப்பவர் அல்ல. எங்களை எல்லாம் கூட்டி வைத்து, “புதுக் கட்டடம் ஒண்டும் வராது. இரிக்கிற கட்டடத்த வெச்சுத்தான் கரண்டையும் டீசலையும் தண்ணியையும் மிச்சம் புடிக்கோணும். எங்க துவங்குவம்?” என்று கேட்டார். ஒருவர் ஒழுகும் குழாய்களைச் சொன்னார், ஒருவர் மழைத் தண்ணீருக்குத் தாங்கி கேட்டார். “வார்ட்டு யன்னலத் திறப்பம்” என்றேன் நான். சொன்ன பிறகுதான் விளங்கியது, சண்டை முடிந்துவிட்டது என்றல்லவா சொல்லியிருக்கிறேன். அது நீ செய்ய வேண்டிய வேலை. கல் பெயர்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திறந்த அன்றே சண்டை. “புள்ளப்பெத்தவளுக்குக் காத்துப் படப்படாது மிஸி!” என்று ஒரு மாமியார் மல்லுக்கு நின்றார்.

“அப்ப இவ்வளவு நாளும் ஏசிக்குள்ள படுத்தாங்களே, அது காத்தில்லையா?”

“அது கரண்டுக் காத்து. ஒண்டும் செய்யாது.”

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் என்னைத்தான் சொல்வார்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதத்தில் என்ன செய்வது என்ற கவலை வேறு. இவையெல்லாம் வெளியில் சொல்லக்கூடிய பயங்கள்.

இந்த நேரம் பார்த்து உன் மகள் தர்ஷி தலைப்பிள்ளைக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கென்று உள்மூலையில், நல்ல சுவர்ப் பக்கமாக ஒரு கட்டில் வைத்திருந்தேன். அவள் வந்ததும் வராததுமாக யன்னலோரக் கட்டிலில் பையை வைத்தாள்.

“அது சரிவராது புள்ள.”

“ஏன் அன்ரி?”

என்னத்தைச் சொல்ல? “காத்துப் படப்படாது” என்றேன். முந்தின நாள் அந்த மாமியாரோடு வாதாடிய அதே வாயால்! தர்ஷி சிரித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாள். பிடிவாதம் உன்னுடையது.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். நேற்றுப் பகல் கரண்ட் நின்றது. முன்பென்றால் ஜெனரேட்டரைப் போடச் சொல்லி வார்ட்டே கத்தும். நேற்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளிச்சம் இருந்தது, காற்று வந்தது, தாய்மார் தூங்கினார்கள். டொக்டர் எட்டிப் பார்த்து, “பாத்தீங்களா மிஸி” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷந்தான், உன்னிடம் மறைப்பானேன். அப்போது வாவியில் ஒரு தோணியின் எஞ்சின் படபடவென்று வெடித்துக் கிளம்பியது. பிள்ளை முழிக்கவில்லை. தர்ஷி திரும்பியும் பார்க்கவில்லை. நான் மட்டும் யன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே, வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை விரித்து நின்றிருந்தேன். எப்போது அங்கே ஓடிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. தோணி தூரப் போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் அப்படியே நின்றேன்.

தர்ஷி கண்ணைத் திறந்து பார்த்தாள். “அன்ரி, கொஞ்சம் விலகுங்க. காத்த மறைக்கிறீங்க” என்றாள்.

விலகினேன். ஓர் அடி மட்டும்.