இருபத்தைந்தாவது சேவ்

பிப்ரவரி 5

முதல் கோல்கீப்பர் அக்காவுக்கு விரல் முறிந்துவிட்டது. பந்து பட்டு அல்ல, அணி பஸ்ஸின் கதவில் மாட்டி. கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மிச்சம் இருக்கிற எட்டு மேட்ச்சும் நீதான்" என்றார். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று பஸ் கதவையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் அலுவலகத்தில் புது ஒப்பந்தம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: எட்டு ஆட்டங்களில் கோலுக்கு வரும் பந்தைத் தடுத்துக் குறைந்தது இருபத்தைந்து சேவ் செய்தால் அடுத்த பருவமும் இந்த கிளப்பில்தான். இல்லையென்றால் இல்லை. இருபத்தைந்துதானா? ஆட்டத்துக்கு மூன்று, கொஞ்சம் மேலே. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வயதில் இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

பிப்ரவரி 8

முதல் ஆட்டம். 2–0 என்று வென்றோம். என் சேவ்: பூஜ்யம்.

பிப்ரவரி 9

அப்பா போன் செய்தார். "தொண்ணூறு நிமிஷம் கண்ணு கொட்டாம பார்த்தேன்மா. உன்னை ரெண்டு தடவைதான் காட்டினான். ஒரு தடவை நீ ஷூ லேஸ் கட்டிட்டிருந்தே."

"இன்னொரு தடவை?"

"அதேதான். ரீப்ளே."

பிப்ரவரி 22

மூன்று ஆட்டம் முடிந்தது. மூன்றிலும் வெற்றி. மொத்தம் இரண்டு சேவ். அதில் ஒன்று எதிரணிப் பெண் தடுக்கி விழும்போது காலில் பட்டு உருண்டு வந்த பந்து. குனிந்து எடுத்தேன், அவ்வளவுதான். கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருந்த கொக்கு மாதிரி வலைக்கு முன்னால் நிற்கிறேன்.

எல்லாம் பூட்டு அக்காவால் வந்த வினை. முப்பத்திரண்டு வயது, நடுத் தடுப்பில் நிற்பவள். அவளைத் தாண்டி யாரும் உள்ளே வர முடியாது என்பதால் அந்தப் பெயர். எனக்கு முன்னால் நிற்கும் நான்கு பேரும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். நானும் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிறேன். "இடது! ஏறு! பின்னாடி ஆளு! விடாதே!" முழு மைதானமும் தெரிவது எனக்கு மட்டும்தானே. பூட்டு அக்காவுக்கு முதுகில் கண் கிடையாது. அந்தக் கண் நான்தான்.

மார்ச் 8

ஐந்து ஆட்டம். ஆறு சேவ். அணி மேலே போகிறது, நான் கீழே போகிறேன்.

கிளப்பின் புள்ளிவிவரக்காரரை நாங்கள் சதவீதம் என்று கூப்பிடுவோம். காலை வணக்கம் சொன்னால்கூட லேப்டாப்பைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பூட்டு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"நானே திரும்பி நின்னு இவளைப் பார்த்து ஓங்கி அடிச்சா சேவ் கணக்குல வருமா?"

"சொந்த ஆள் உதைச்சா வராது சிஸ்டர்."

"சரி, உங்களை வலையில நிறுத்தி உதைச்சா?"

சதவீதம் லேப்டாப்பில் மேலும் கீழும் தேடிவிட்டு, "அதுக்கு காலம் இல்லை சிஸ்டர்" என்றார். லேப்டாப்பில் அதற்கான கட்டம் இல்லை என்கிறார். கோபப்படவும் தோன்றவில்லை.

மார்ச் 13

சளி, காய்ச்சல். குரல் முழுதாகப் போய்விட்டது. வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள். எவ்வளவு முக்கியும் காற்றுதான் வந்தது. "என்னங்க, எவனோ ஒரு பொறுக்கி மூச்சு மட்டும் விடுறான்" என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது. பிறகு ரிசீவர் வழியாகவே எனக்கு நல்ல வசவு விழுந்தது. பெற்ற தாயிடம் இப்படியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

மார்ச் 15

0–4. தோல்வி.

சேவ்: பதின்மூன்று!

காய்ச்சல் இறங்கியிருந்தது, குரல் வரவில்லை. கை காட்டிப் பார்த்தேன் — என் கை யாருக்குத் தெரியும்? எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பந்து மழையாக வந்தது. பாய்ந்தேன், விழுந்தேன், ஒன்றை முகத்தால் தடுத்தேன். நான்கு உள்ளே போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் சதவீதம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "இந்த சீசன்லயே பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் சிஸ்டர்!" எங்கள் அணியின் சிறந்த ஆட்டக்காரி என்று கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து, வீங்கிய மூக்கோடு சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படத்தில் எனக்குப் பின்னால் ஸ்கோர் பலகையும் பளிச்சென்று தெரிகிறது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தோத்தா என்னம்மா, எத்தனை தடவை காட்டினான் தெரியுமா!"

பஸ்ஸில் பூட்டு அக்கா அழுதாள். "காது அடைச்சுப்போன மாதிரி இருந்துச்சு குட்டி. யாரு எங்க நிக்கிறாங்கன்னே தெரியல."

மார்ச் 16

இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. நான் கத்தினால் பந்து வராது. பந்து வராவிட்டால் சேவ் இல்லை. சேவ் இல்லாவிட்டால் வேலை இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லி வைத்தவர்கள் என்னைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

மார்ச் 22

ஏழாவது ஆட்டம். 1–2 தோல்வி. ஐந்து சேவ். மொத்தம் இருபத்து நான்கு.

தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று கோச்சிடம் சொன்னேன். முதல் பாதியில் உண்மைதான். இரண்டாம் பாதியில்? தண்ணீர் இடைவேளையில் ஒரு தடவை இருமிப் பார்த்தேன். குரல் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இருந்ததா? ஏன் கத்தவில்லை நான்?

இந்தப் பக்கத்தை மடித்து வைக்கிறேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 25

காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கு. நல்லா கத்தலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, நல்ல சேதி சொன்னா இப்படி முழிக்கிறே?" என்றார்.

பருவத் தொடக்கத்தில் தோற்றுக் குவித்திருந்தோம், இப்போது இந்த இரண்டு தோல்வியில் அணி மறுபடி சரிந்துவிட்டது. மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள் எல்லோரும் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். டிரா போதும். எனக்கும் ஒரே ஒரு சேவ் போதும்.

பூட்டு அக்கா, "ஒண்ணுதானே குட்டி? நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவள் பார்த்துக்கொள்வதுதான் பிரச்சினையே.

மார்ச் 29

எங்கிருந்து தொடங்குவது?

ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் வரிசையில் நின்றபோது, பூட்டு அக்கா எதிரணியின் ஒன்பதாம் நம்பர்காரியிடம் குனிந்து, "ஒரே ஒரு பந்து நேரா இவ கையில அடிச்சிடும்மா. புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டாள்! எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்பதாம் நம்பர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போய்த் தன் ஆட்களிடம் குசுகுசுவென்று சொன்னாள். நேராக அடிக்கச் சொல்கிறார்கள் என்றால் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல. ஆட்டம் முழுக்க ஒருத்தியும் நேராக அடிக்கவில்லை. எல்லாம் ஓரம், ஓரம். பதினோரு பந்து வெளியே போயிற்று. ஒன்று போய் ஐஸ்கிரீம் வண்டியில் விழுந்தது.

நான் கத்தினேன். கத்தாமல் இருக்கலாம் என்று எண்பத்து மூன்று நிமிடமும் நினைத்துக்கொண்டே கத்தினேன்.

எண்பத்து மூன்றாவது நிமிடம். 0–0. பூட்டு அக்கா பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்பதாம் நம்பர் நழுவுகிறாள். அந்தப் பந்து அவளிடம் போனால் அவளும் நானும் மட்டும்தான். நான் பிடித்துவிடுவேன். சத்தியமாகப் பிடித்துவிடுவேன், அவள் இடது காலைத் தூக்கும் விதமே எனக்கு மனப்பாடம். ஒரு நொடி வாயை மூடிக்கொண்டால் போதும். இருபத்தைந்து.

பிடிக்காவிட்டால்?

"அக்கா பின்னாடி!"

என் குரல்தான். நான் யோசித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. பூட்டு அக்கா திரும்பக்கூட இல்லை. கத்திய பக்கமாகக் காலை நீட்டினாள், பந்து வெளியே பறந்தது.

0–0. தப்பித்தோம். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். நான் வலைக்குள் உட்கார்ந்து கிளவுஸைக் கழற்றினேன். துளி அழுக்கில்லை.

ஏப்ரல் 4

கடிதம் வந்துவிட்டது. "24/25. வருந்துகிறோம்."

கோச் என் கண்ணைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்மா. ஆனா லேப்டாப்புக்குக் காது கிடையாதே" என்றார். சதவீதமும் வந்தார். "தொண்ணூத்தாறு சதவீதம் சிஸ்டர். ரொம்ப நல்ல மார்க்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எவன் சொன்னான்? கையில் கிடைத்தால் உதைப்பேன். அறைக்கு வந்து அழுதேன்.

ஏப்ரல் 11

தெரியாத எண். கடைசி ஆட்டத்து எதிரணியின் கோச், ஒரு பெண்மணி. ஒன்பதாம் நம்பரிடம் சொன்னதற்குப் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, எடுத்ததுமே மன்னிப்புக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும்மா. அன்னைக்கு எங்க பெஞ்சுல நிக்க எனக்குத் தடை, உங்க கோலுக்குப் பின்னாடிதான் பாதி நேரம் நின்னேன். இன்னும் காதுல இரைச்சல் நிக்கல. அடுத்த வருஷம் எங்களுக்காகக் கத்துறியா?"

எத்தனை சேவ் வேண்டும் என்று கேட்டேன். அவர் புரியாமல், "எதுக்கு?" என்றார்.

ஜூலை 12

பூட்டு அக்கா போன். என் இடத்துக்கு வந்தவள் நல்ல பெண்ணாம், வாயே திறக்க மாட்டாளாம். மூன்று ஆட்டத்தில் முப்பத்தொரு சேவ். மூன்றிலும் தோல்வி. அலுவலகத்தில் ஏக குஷி, அவள் படத்தை வாசலில் மாட்டியிருக்கிறார்களாம். சிரித்துக்கொண்டே சொல்லிவந்த அக்கா கடைசியில், "நீ இல்லாம முதுகு பூரா குளிருதுடி" என்றாள்.

ஜூலை 19

இங்கே, புது கிளப்பில், நடுத் தடுப்பில் நிற்பவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். மூன்று வாரமாக நான் கத்தும் ஒவ்வொரு முறையும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள், அதற்குள் ஆள் தாண்டிப் போய்விடும். இன்று "பின்னாடி!" என்றேன். திரும்பவில்லை. காலை நீட்டினாள்.