ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

அக். 1, புதன்
மழை வருவதுபோல இருந்தது, வரவில்லை. ஆபீசில் ஆயுத பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று. கீபோர்டு முதல் பிரிண்டர் வரை சந்தனம், குங்குமம். மூலையில் இருக்கும் சர்வர் பெட்டிக்குப் பெரிய பொட்டு. சோறு போடுவது அதுதானே. முதலாளி தன் கையாலேயே அணைத்தார். "நாம லீவு எடுக்கறோம்ல, அதுவும் ஒரு நாள் தூங்கட்டும்." எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அக். 3, வெள்ளி
நேற்று பெட்டியைப் போட்டோம். இன்று காலையிலேயே செங்கம் ரோடு லாட்ஜிலிருந்து போன். ஒரே அறைக்கு இரண்டு குடும்பம். பக்கத்து மேசை கவிதா அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். யாரோ ஒரு அம்மாவின் கத்தல்: "எங்க பேருக்கு புக் ஆயிருக்கு, இவங்க இன்னாத்துக்கு எங்க ரூம்ல துணி காயப்போட்டிருக்காங்க?"

எங்கள் வேலையே இதுதான். காலை முன்பதிவுப் பட்டியலையும் மாலைப் பட்டியலையும் ஒப்பிட்டு, எந்த அறை நிரம்பியது என்று லாட்ஜுகளுக்கு அனுப்புவது. ஒப்பிடுவது சர்வரில் ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட், கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. நேற்று "மாற்றம் இல்லை" என்று அனுப்பித் தொலைத்திருக்கிறது. காரணம் பார்த்தால், /dev/fd/63 என்ற கோப்பைக் காணோமாம். அறுபத்து மூன்று. கோயிலாக இருந்தால் நாயன்மார் என்று கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

முதலாளி: "பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குள்ள சரியாவலன்னா சென்னை கம்பெனி சாப்ட்வேருக்கு மாறிடுவேன்மா. அதுக்கு ஆளே தேவையில்லையாம்."
ஆள் என்றால் நான்.

அக். 4, சனி
வெயில். என் லேப்டாப்பில் அதே ஸ்க்ரிப்ட் ஜோராக ஓடுகிறது. சர்வரில் இல்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி ஒப்பிட வைத்தேன், ஓடியது. ஆனால் எனக்கு முன் இருந்தவர் இதே பாணியில் ஊர்ப்பட்ட ஸ்க்ரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று விழுகிறது.
கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வேலை இருக்கிறவரைக்கும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்பது அப்பாவின் வாக்கு. பயமாக இருக்கிறது.

அக். 5, ஞாயிறு
பழைய ஆளுக்குப் போன். பெங்களூரில் இருக்கிறார்.
"அந்தப் பெட்டியா? அத அணைக்கவே கூடாதே! அணைச்சீங்களா?"
"பூஜைக்கு, சார்."
"ஆரம்பத்துல கையால ஒன்னு போட்டு வெச்சேங்க. இன்னான்னு ஞாபகம் வரல."
எழுதி வைத்திருக்கக் கூடாதா, மகராசன்.

அக். 6, திங்கள். பௌர்ணமி
பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே யோசனை: கையால் போட்டது, அணைத்ததும் போனது.
கிடைத்துவிட்டது. செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருவதுபோல, ஷெல் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஓர் எண் தருகிறது. டோக்கனைக் காட்ட வேண்டிய கவுன்ட்டர் /dev/fd. அந்தக் கவுன்ட்டரே இல்லை. அது வேறு இடத்தைக் காட்டும் வெறும் இணைப்பு. பெட்டியைப் போடும் ஒவ்வொரு முறையும் /dev புதிதாக உருவாகிறது, கையால் போட்ட இணைப்பு அணைத்ததோடு போய்விட்டது. ஒரே வரி அடித்தேன். எல்லாம் ஓடியது! கவிதா அக்காவைக் கட்டிப்பிடித்தேன்.

முதலாளியிடம் ஓடினேன். "நேத்தே சென்னை கம்பெனிக்கு சரின்னு சொல்லிட்டேன்மா. உம்மேல தப்பு இல்ல."
பெட்டியை அணைத்ததால்தான் வந்தது என்றேன்.
"சாமிக்கு செஞ்சது எப்படிம்மா தப்பாவும்?"


அக். 7, செவ்வாய்
தெருவெல்லாம் குப்பை. பெட்டி போட்டதும் இணைப்பு தானாக வரும்படி எழுதினேன். அணைத்து, போட்டுப் பார்த்தேன். வந்தது. பொட்டு இன்னும் அழியவில்லை.
கவிதா அக்கா: "வெள்ளிக்கிழம மொத்தமா அணைக்கப் போறாங்க. யாருக்குடி இத எழுதற?"
சேமித்து மூடினேன்.
சாயங்காலம் அப்பா போனில். "ரிப்பேரு சரியாச்சாம்மா?"
"ஆச்சுப்பா" என்றேன்.