மார்பளவு வில்லன்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் வீடியோ கேமின் டிரெய்லர் நேற்று வெளியானது. என் வில்லனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. கதாநாயகனின் மார்பளவுதான் இருக்கிறானாம். "இவனைச் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிடலாம்" என்று ஒரு ரசிகர் எழுதியதற்கு லைக் கொட்டுகிறது. அவன் கண்ணிமை வரை கம்ப்யூட்டரில் செதுக்கியவள் நான்.

அக்காவிடம் காட்டினேன். "உன் உயரத்துக்கே செஞ்சு வெச்சுட்டியா?" என்றாள்.

ஆமாம், அப்படித்தான் செய்தேன். அதுக்கென்ன இப்போ?

மார்ச் 7, வெள்ளி

இயக்குநர் கூப்பிட்டார். "மூணு மடங்கு பெருசாக்கிடும்மா. பார்த்தாலே பயம் வரணும்."

"சார், அவன் அடிச்சு பயமுறுத்துறவன் இல்ல. பக்கத்துல வந்து பேசிப் பயமுறுத்துறவன்."

தலையாட்டினார். ஆனாலும் பெரிதாக்கத்தான் சொன்னார். அதற்கு ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். அதுதான் கொடுமை. மாதக்கணக்கில் மாடு மாதிரி உழைத்தது, ஒரு எண்ணில் போச்சு.

மார்ச் 10

சண்டை போடாமல் அந்த எண்ணை மாற்றிக் கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 12, புதன்

வெளியாட்கள் சிலரை அழைத்து விளையாட வைத்தோம். ராட்சச வில்லன் வந்தான். யாரும் பயப்படவில்லை. கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வில்லனின் முழங்கால் மட்டும்தான் தெரிகிறது. இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை — நானும்தான்.

விளையாட வந்த பஸ் டிரைவர் கொட்டாவி விட்டபடி, "இந்த முழங்கால் எப்பதான் சாகும்?" என்றார். நான் இயக்குநர் பக்கம் திரும்பவே இல்லை. சரி, திரும்பினேன்.

"சார், பழைய அளவுல ஒரு தடவை?"

அதே டிரைவர். வில்லன் மெதுவாக நடந்து வந்து, அண்ணாந்து, நேராகக் கண்ணைப் பார்த்து, "களைச்சுப் போயிட்டியா? உட்காரு" என்றான். டிரைவரின் விரல் பட்டனிலேயே நின்றுவிட்டது. "என்னம்மா, இவன் இப்படிப் பார்க்கறான்?"

இயக்குநர் தானே அந்த எண்ணைப் பழையபடி மாற்றினார். "ரசிகருங்க திட்டினா நீதான் பதில் சொல்லணும்."

சொல்றேன். எனக்கென்ன பயம்?

(பயம்தான்.)

ஆகஸ்ட் 29, வெள்ளி

கேம் வெளிவந்து ஒரு வாரம். சட்டைப் பைக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒளிஞ்சுக்கறேன்." சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செப்டம்பர் 20, சனி

ரசிகர்கள் கூடும் விழா. கேம் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டி வந்திருந்தார்கள். என் வில்லனாக வந்தவர் ஆறடிக்கு மேல் இருப்பார். முழங்காலில் பஞ்சு கட்டி, நீள அங்கியால் காலை மறைத்து, மண்டபம் முழுக்க முழங்காலிலேயே நடந்துகொண்டிருந்தார்.

"எழுந்திருங்க, வலிக்கப் போகுது" என்றேன்.

"எழுந்தா அப்புறம் அவன் இல்லீங்களே" என்றார்.

அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே உயரம்.

அக்காவுக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறேன்.