உமக்கு மட்டும் இருந்த சொல்

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் வழக்கம்போல எல்லாரும் யன்னலைச் சாத்தினார்கள். காற்று அப்படி. எனக்கு முன்னால் இருந்த பெண் தடிமனுக்கு யூக்கலிப்டஸ் தைலத்தை எடுத்துத் தன் லேஞ்சியில் ஊற்றி மூக்கில் பிடித்தாள். சாத்திய பஸ்ஸுக்குள் அந்த மணம் மண்கும்பான் வரை எங்களோடு வந்தது. அல்லைப்பிட்டி தாண்டும்போது எனக்குக் கண் எரிந்து தண்ணீர் வடிந்தது. பக்கத்தில் இருந்த தெரிந்த மனிதர் மெல்ல என் கையைத் தட்டிக் கொடுத்தார். அழுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். உமது செத்தவீட்டிலேயே அழாதவன் பஸ்ஸுக்குள் இருந்தா அழப்போகிறேன்?

ஆனால் அந்த மணம் என்னை மலைநாட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. நாம் தங்கிய வீட்டைச் சுற்றி அந்த மரங்கள்தானே. மகள் கனடாவில் இருந்தபடியே போனில் அறையை ஒழுங்குபண்ணிவிட்டு, ரெண்டு பேரும் ஒருக்காப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வாருங்கள் என்றாள். சும்மா இருக்க ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும், இங்கேயே இருக்கலாமே என்று கேட்டேன். இங்கே இருந்தால் மாட்டைப் பார்க்கவேண்டும், தோட்டத்தைப் பார்க்கவேண்டும், உங்களையும் பார்க்கவேண்டும் என்று என்னையும் மாட்டோடு சேர்த்துச் சொன்னீர். கலியாணம் கட்டியதிலிருந்து கோயில், ஆசுப்பத்திரி, நல்லது கெட்டது தவிர நாம் சேர்ந்து எங்கும் போனதில்லை. மாட்டை உமது தங்கை வீட்டில் கட்டிவிட்டுப் புறப்பட்டோம். வேலணையில் இருந்து தேனிலவுக்குப் போகிற முதல் கிழவனும் கிழவியும் நாங்கள்தான் என்று அவள் பஸ் நிலையம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

முதல் சில நாட்கள் நாம் ஒரு வேலையும் செய்யவில்லை. வெயில் ஏறும்வரை நீர் நித்திரை கொண்டீர். அப்படி நீர் படுத்துக் கிடந்ததை அதற்கு முன் பிள்ளைப்பேற்றின்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எழும்பியதும் என் சால்வையைச் சுற்றிக்கொண்டு, விறாந்தைக் கதிரையில் இருந்து, வேறு யாரோ போட்ட தேத்தண்ணியைக் குடித்தீர். மற்றவர் போட்ட தேத்தண்ணிக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று இவ்வளவு காலமும் ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டீர். நான் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். எதிர்ப் பாறையில் இரவு பகலாக அருவி கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றில் உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் லொறி எப்போது வரும் என்று வாளி அடுக்கிக் காத்திருக்கிற எங்களுக்கு அதைப் பார்க்க நெஞ்சு பதைத்தது. திறந்துவிட்ட பைப்பைக் கண்டதுபோல, “உதை ஆராவது பூட்டுங்கோவன்” என்றீர்.

அந்த வீட்டில்தான் அந்தப் பகிடியும் நடந்தது. ஒரு காலை நான் குளித்துவிட்டு வந்தால் உம்மைக் காணவில்லை. வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, “நீர் எங்கை?” என்று கூப்பிட்டேன். வீட்டுக்காரப் பெண் மலைநாட்டுத் தமிழ் ஆள். குசினியில் இருந்து ஒரு கேத்தல் சுடுதண்ணீரோடு ஓடிவந்து, பைப்பில் தண்ணீர் நின்றுபோய்விட்டதா ஐயா என்று கேட்டார். மனுசியைக் கூப்பிடுகிற சொல் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீ என்றால் மரியாதைக் குறைவு, நீங்கள் என்றால் தூரமாகிவிடும், அதனால் நடுவில் ஒன்று என்று ஏதோ விளங்கப்படுத்தினேன். அவர் கேத்தலைப் பிடித்தபடியே நின்றார். நீர் மரத்துக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். “இனி நான் வரத் தேவையில்லை. நீர் எண்டாத் தண்ணி வரும்.”

ஊருக்குத் திரும்புவதற்கு முன் மலை ஏறவேண்டும் என்று நீர் நின்ற பிடியில் நின்றீர். உயரம் என்று நாம் கண்டதெல்லாம் ஊர்காவற்றுறை வெளிச்சவீடுதான். தேயிலைக்கூடாக ஒற்றையடிப் பாதை போனது. எங்கள் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நேரே நடந்தால் போய்ச் சேரலாம். அங்கே உச்சி கிட்ட வரவரத் தள்ளிப் போனது. கூட்டுறவுக் கடைக் கதிரையில் இருந்தே காலம் கழித்தவன் நான். பாதி வழியில் ஒரு பாறையில் குந்தி, ஏலாது என்றுவிட்டேன். நீர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்ததுக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியே ஏறினீர்.

நீர் போய்க் கொஞ்ச நேரத்தில் முகில் இறங்கியது. பாதை மறைந்தது, மரம் மறைந்தது. நான் எழும்பி நின்று, “நீர் எங்கை?” என்று கத்தினேன். பதில் இல்லை. விழுந்துவிட்டீர் என்றே முடிவு கட்டிவிட்டேன். உம்மை இழந்தால் படவேண்டிய பயம் முழுவதையும் அந்தப் பாறையிலேயே பட்டுத் தீர்த்துவிட்டேன் போலும், பிறகு தேவைப்பட்ட நேரத்தில் என்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. இரண்டாம் தரம் கத்தியபோது மேலே இருந்து, குசினியில் நின்று சொல்கிற மாதிரி உமது குரல் வந்தது.

“இஞ்சைதான் நிக்கிறன். ஏன் ஊரைக் கூட்டுறியள்?”

இறங்கி வந்ததும், மேலே என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, காற்றுத்தான், எங்கள் சாட்டிக் கடற்கரையில் அடிக்கிற அதே காற்று என்றீர். அதைப் பார்க்கவா இவ்வளவு பாடு என்று நான் புறுபுறுத்தேன். உமக்கோ முகமெல்லாம் சந்தோசம்.

அடுத்த மாரியில் காய்ச்சல் என்று யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் போனீர். திரும்பி வரவில்லை. மனுசன் கல்லாய்ப் போச்சு என்று சனம் என் காதுபடவே கதைத்தது. பொய் இல்லை. சாப்பிடுகிறேன், மாட்டுக்குத் தண்ணி வைக்கிறேன், மகள் எடுத்தால் ஓம் ஓம் என்கிறேன். ஆண்டுத்திவசத்துக்குப் படைக்க உமக்குப் பிடித்த கறிகளைக் கேட்டார்கள். ஒன்றும் விடாமல் சொன்னேன். எங்கும் நோகவில்லை. நோகாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளை நீ என்றேன். கடைக்கு வந்த சின்னவர் பெரியவர் எல்லாரையும் நீங்கள் என்றேன். நீர் என்று நான் சொன்னது உம்மை மட்டும்தான். போன கிழமை நயினாதீவு வள்ளத்தில் உமது தங்கை இடமில்லாமல் நின்றாள். பின்னால் இருந்து பார்க்க அவள் உம்மைப் போலவே இருப்பாள். நீர் இதிலை இரும் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. சொல்லாமல் எழும்பிக் கையைக் காட்டினேன். அத்தானுக்குத் தொண்டையில் ஏதும் வருத்தமோ என்று அவள் கேட்டாள்.

இன்றும் பஸ்ஸால் இறங்கி வந்து படலையைத் திறந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சொல் தானாக வாய்க்கு வருகிறது, ஒவ்வொரு நாளும் வருகிறது. மலையில் நீர் இரண்டாம் தரம்தான் பதில் சொன்னீர். இந்த வீட்டில் நான் இன்னும் முதல் தரமே கூப்பிடவில்லை. கூப்பிடாதவரை, நீர் பதில் சொல்லவில்லை என்று ஆகாது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் லைற்றைப் போடுகிறேன்.