மாட்டிஸ் வாங்கலாமா, அண்ணே?

திண்டுக்கல்
20.1.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

கௌசல்யா எழுதுகிறேன். பொங்கலுக்கு நீ அம்மாவுக்குப் போட்ட கடிதம் வந்தது. ஏழு வருடமாக வருகிற அதே எட்டு வரி. என்னைப் பற்றி அதில் வழக்கம்போல ஒரு வார்த்தையும் இல்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம்.

உன் ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும், "சோலைமலை அண்ணன் வண்டிக்கு அடியில படுத்திருக்காருங்க" என்றார்கள். இரண்டாவது தடவை உன் இருமல் சத்தம் போனுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அதனால்தான் கடிதம். இதை எடுத்து நீ "இல்லை" என்று சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கார் வாங்கப் போகிறேன்.

அய்யலூர் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடம் ஆகிறது. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய், அங்கிருந்து யாராவது டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஊர் ஊராகக் கூட்டிப் போவார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. போன மாதம் புத்தூரில் கருப்பம்மாள் என்கிற அம்மாவின் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் முன்கால் மடங்கிச் சிக்கியிருந்தது. விடியற்காலையிலேயே தகவல் சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது மணி பத்து. கன்றும் போய், பசுவும் போய்விட்டது. ஒரு மணி நேரம் முந்திப் போயிருந்தால் இரண்டையும் எழுப்பி நிறுத்தியிருப்பேன்.

கருப்பம்மாள் என்னைத் திட்டவில்லை. "நீங்க என்ன செய்வீங்க டாக்டரம்மா, ஒங்க காலு அப்பிடி" என்றாள். திட்டியிருக்கலாம்.

பழனி ரோட்டில் கண்ணுசாமி என்கிற புரோக்கரிடம் ஒரு மாட்டிஸ் கார் நிற்கிறது. 2000ஆம் வருட வண்டி. கம்பெனியே மூடிவிட்டான், அதைப் போய் யாராவது வாங்குவார்களா என்று ஊரில் ஒருவர் விடாமல் சொல்கிறார்கள். அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நாலு வருடம் அந்த வண்டியோடு கிடந்தவன் நீ. வாங்கலாமா, கூடாதா? தங்கையாகக் கேட்கவில்லை. கஸ்டமராகக் கேட்கிறேன். பதில் போடு.

உன் தங்கை
கௌசல்யா


கோயம்புத்தூர்
27.1.2005

கௌசல்யாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கார் வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் டிரைவர் வைத்துக்கொள்.

மாட்டிஸ் கெட்ட வண்டி இல்லை. மூன்று சிலிண்டர், எண்ணூறு சி.சி. சின்னச் சந்தில் திரும்பும், நாலு பேர் தாராளமாக உட்காரலாம். கம்பெனி போய்விட்டது என்று இஞ்சினுக்குத் தெரியாது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அது பாட்டுக்கு ஓடும். பிரேக், கேபிள், ஃபில்டர் எல்லாம் இங்கே இன்னும் கிடைக்கிறது. கிடைக்காதது பாடி சாமான்தான். ஒரு ஹெட்லைட் உடைந்தால் சென்னைக்கும் டெல்லிக்கும் ஆள் விட்டுத் தேட வேண்டும். அதனால் அடிபட்ட வண்டியாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் தொடாதே.

போவதானால் காலையில், சொல்லாமல் போ. முதலில் பானட்டின்மேல் கையை வை. சூடாக இருந்தால் உனக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார், தயிர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் திரும்பி வந்துவிடு. பின்னால் டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பார். தகடு சுருங்கியிருந்தால் பின்னால் இடி வாங்கிய வண்டி. ஓட்டம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்க்காதே, பெடல் ரப்பரைப் பார்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேள். அந்த பெல்ட் அறுந்தால் இஞ்சின் உள்ளே அத்தனையும் நொறுங்கிவிடும். வாயால் சொல்வதை நம்பாதே.

இதற்கு மேலும் சொல்வேன், வண்டி வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சோலைமலை


திண்டுக்கல்
6.2.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாய், பேங்க் மேனேஜர் மாதிரி. இருக்கட்டும். நீ எழுதியதை ஒன்று விடாமல் செய்தேன்.

காலை ஏழு மணிக்கு கண்ணுசாமி பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன். பானட் ஜில்லென்று இருந்தது. ஆயில் மூடி சுத்தம். "முப்பத்தெட்டாயிரம்தான் ஓடிருக்கு டாக்டரம்மா, ஒரு ஸ்கூல் மிஸ்ஸு வச்சிருந்த வண்டி" என்றார். நான் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். ரப்பரில் வரியே இல்லை, வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. அய்யலூர் சந்தையில் வியாழக்கிழமைதோறும் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறவள் நான். இரண்டு பல் கிடா என்பான், திறந்தால் ஆறு பல் இருக்கும். உப்புத் தண்ணீரைக் காட்டி வயிற்றை உப்ப வைத்துக் கொண்டுவருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கியைத் திறந்து டயரை எடுக்கச் சொன்னதும் கண்ணுசாமி முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் எதுக்குங்கம்மா, வெயிலு ஏறுது" என்றார். நானே நட்டைக் கழற்றி எடுத்தேன். குழி முழுக்கச் சுருக்கம், மேலே புதுப் பெயின்ட். "இந்த ஆட்டுக்கு வயசும் கூட, காலும் ஒடிஞ்சிருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து டீக்கடையில் சிரித்துவிட்டார்கள்.

இப்போது இன்னொரு மாட்டிஸ். பேகம்பூரில் சேக் பரீது என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முதல் நாளிலிருந்து அவர் ஒருவர்தான் ஓட்டுகிறார். கண்ணில் புரை விழுந்ததால் கொடுக்கிறார். காற்றடித்த தேதி வரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அறுபத்திரண்டாயிரம் ஓடியிருக்கிறது, பெடலும் அதையேதான் சொல்கிறது. ஸ்டெப்னிக் குழி கம்பெனியில் வந்த மாதிரியே இருக்கிறது. நிற்கும்போது இஞ்சின் லேசாக ஆடுகிறது. டைமிங் பெல்ட் மட்டும் இதுவரை மாற்றவில்லை. "பொய் சொல்ல வேண்டாமில்லையா, அதை நான் மறந்துட்டேம்மா" என்று அவரே சொன்னார்.

இப்போது நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். ஆயிலைக் கேட்டாய், பெல்ட்டைக் கேட்டாய். ஓட்டப்போகிறவளின் இடது காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரைவர் வைத்துக்கொள் என்று சுற்றி வளைத்துவிட்டாய். கணுக்கால் பாதிதான் மடங்கும். உள்ளே தகடும் ஆறு ஸ்குரூவும் இருக்கிறது. வலி இல்லை, பலம் கொஞ்சம் குறைவு. இந்தக் காலுக்கு மாட்டிஸ் கிளட்ச் ஒத்துவருமா? நேராகச் சொல்.

கௌசல்யா


கோயம்புத்தூர்
14.2.2005

அன்புத் தங்கை கௌசல்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சேக் பரீது சார் வண்டியை வாங்கு. மறந்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளிடம் வாங்கலாம். ஆடுவது மூன்று சிலிண்டரின் குணம், பயப்பட வேண்டாம். ஆனால் பெல்ட் மாற்றும் வரை தூரப் பயணம் கூடாது.

கிளட்ச் கேள்விக்குப் பதில். மாட்டிஸ் கிளட்ச் லேசுதான். கேபிள் புதிதாக இருந்தால் இன்னும் லேசாகும். உன் காலுக்கு ஒத்துவருமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் கட்டோடு பார்த்த கால்தான். அதற்குப் பிறகு நீ நடந்து நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடமதுரை ரோட்டில் அந்த டிராக்டரை நான் முந்தியிருக்க வேண்டாம். பின்னாலேயே போயிருந்தால் ஐந்து நிமிடம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். அவன் கைகாட்டாமல் திரும்பினான் என்று போலீஸும் எழுதியது, எல்லோரும் சொன்னார்கள். வண்டி என் கையில்தானே இருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிறகு நான் யாரையும் பக்கத்தில் வைத்து வண்டி ஓட்டியதில்லை. ரிப்பேர் முடிந்து ஓட்டிப் பார்ப்பதுகூடத் தனியாகத்தான்.

கிளட்ச்சைக் கையால் போடுகிற மாதிரி கியர் தண்டிலேயே ஒரு லீவர் வைக்கலாம். கால் தேவையில்லை. ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். படம் வரைந்து வைக்கிறேன், அங்கே யாராவது நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்.

உன் அண்ணன்
சோலைமலை


திண்டுக்கல்
27.3.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

வண்டி வாங்கியாகிவிட்டது. அம்மா எலுமிச்சம்பழம் வைத்து, சக்கரம் ஏற்றி நசுக்கி, "எங்கடி ஹாரனு, அடிச்சுக் காட்டு" என்று தெருவையே எழுப்பிவிட்டாள். வாடி இருக்கும் என் முகம் மலர்ந்தது என்று அவளாகவே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் முகம் எப்போது வாடி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பார்சல் வந்தது. லீவர் அழகாக இருக்கிறது. எத்தனை நாள் அரத்தால் ராவினாய்? ஆனால் அதை மாட்டப்போவதில்லை. வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்லவில்லை. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே டிரைவிங் ஸ்கூல் போய்க்கொண்டிருக்கிறேன். பாதத்தால் அழுத்த வராது. தொடையிலிருந்து முழுக் காலையும் தள்ளினால் வருகிறது. முதல் வாரம் இடுப்பு வலித்தது, பிறகு பழகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் பத்துத் தடவை கிளட்ச் போடச் சொல்லிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாவது தடவை நானே போட்டுக் காட்டினேன். லைசென்ஸ் கொடுத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி புத்தூரிலிருந்து போன். கருப்பம்மாளின் கொழுந்தன் வீட்டுப் பசு. ஆறே முக்காலுக்குக் களத்தில் நின்றேன். இரண்டு காலும் சரியாக வந்து தலை மட்டும் திரும்பியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. கிடாரிக் கன்று. கருப்பம்மாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டு வண்டிலயா வந்தீக?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போதும்.

இனி நீ எழுதியதற்கு. அண்ணே, நான் எலும்பு பார்க்கிறவள். என் எலும்பு ஒரு வருடத்தில் சேர்ந்துவிட்டது. கால் இப்படி ஆனதற்கு உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன், உனக்கே தெரியும். என் கோபம் வேறு ஒன்றுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலாம் நாள் நீ கோயம்புத்தூர் போய்விட்டாய். நான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியபோது, விழுந்தால் தூக்க அம்மாவால் முடியாது. எதிர்வீட்டு ராமர் மாமாவைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை தரையில் கிடப்பேன். அப்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். டிராக்டரை முந்தியதற்கு இல்லை. இங்கே இல்லாமல் போனதற்கு.

எழுதிவிட்டேன். இனி இதை எழுத மாட்டேன்.

பெல்ட்டை இன்னும் மாற்றவில்லை. இங்கே நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், நான் யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. நீ வந்து மாற்று. ஏப்ரல் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வரவில்லை என்றால் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, அதே பெல்ட்டோடு கோயம்புத்தூருக்கு ஓட்டிவருவேன். வழியில் அறுந்து நொறுங்கினால் நொறுங்கட்டும்.

உன் தங்கை
கௌசல்யா


கோயம்புத்தூர்
13.4.2005

அன்புள்ள கௌசிக்கு,

நேற்று அதிகாலை வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு இரண்டு வேளைக்கு வந்தது. சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம் வேறு வைத்திருக்கிறாள்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கஸ்டமர் அல்லவா நீ. பழைய பெல்ட்டைக் கழற்றிக் கொண்டுவந்தேன். வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தால் அடியில் மூன்று இடத்தில் வெடிப்பு. கோயம்புத்தூர் வரை வந்திருக்காது. நீ சும்மா மிரட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன், அம்மாவைக் கேட்டால் "அவ வந்துருப்பாடா, சாவிய ஒளிச்சுல்ல வச்சிருந்தேன்" என்கிறாள். மற்றபடி நல்ல வண்டி. கூலண்ட் குழாய் ஒன்றும் புதிதாகப் போட்டிருக்கிறேன். நாலு வருடம் கவலையில்லாமல் ஓடும். நீ பார்த்து எடுத்தது சரி. நான் நேரில் வந்து பார்த்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்க்க நான் சாவியை எடுத்தபோது நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய். அம்மா பின்னால் ஏறிக்கொண்டு, "ஏலே, நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி? முன்னாடி ஏறு" என்றாள். ஏறினேன். நீ வடமதுரை ரோட்டைப் பிடித்தாய். அந்த இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டதை நீ பார்த்திருப்பாய். நீ பேச்சை நிறுத்தவில்லை. யாரோ ஒருவரின் ஆட்டுக்கு வந்த வயிற்றுப் பொருமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினாய். கண்ணைத் திறந்தபோது அய்யலூர் வந்திருந்தது. நீ இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு மருந்தகம் வரை நடந்து போனாய். வீட்டில் நீ நடந்தபோதெல்லாம் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன், ஏழு வருடத்தில் நீ நடப்பதைக் கண்ணெடுத்துப் பார்த்தது அப்போதுதான். சாய்ந்து சாய்ந்து, ஆனால் வேகமாக நடக்கிறாய். நான் நினைத்து வைத்திருந்தது வேறு. அம்மா என்னைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நல்லபடியாக ஓட்டுகிறாய், ஆனால் கியர் போட்ட பிறகும் இடது காலைக் கிளட்ச்சின் மேலேயே வைத்துக்கொள்கிறாய். போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். மகா கெட்ட பழக்கம். இப்படியே ஓட்டினால் ஒரு வருடத்தில் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும், இந்த வண்டிக்கு பிளேட் தேடி நான்தான் அலைய வேண்டும். கால் ஆடாமல் இருக்கத்தான் அங்கே வைக்கிறாய் என்று தெரிகிறது. அதற்காக விட முடியாது. பெடலுக்கு இடது பக்கம் நாலு விரல் இடம் இருக்கிறது, அளந்து வந்திருக்கிறேன். அங்கே கால் வைக்க ஒரு தகடு வெட்டிக்கொண்டிருக்கிறேன். மே முதல் தேதி எங்களுக்கு லீவு. நானே வந்து மாட்டுகிறேன், பார்சல் போட மாட்டேன்.

அதுவரைக்கும் காலைக் கீழே வைத்து ஓட்டு.

உன் அண்ணன்
சோலைமலை