மைதானத்தில் குதிரை விடாதிருக்க வேண்டி ஐந்தாம் முறை

அனுப்புநர்
ஓரோஸ்பெக் தைலாகோவ்,
முன்னாள் மைதானப் பராமரிப்பாளர்,
மைதானத்தின் கிழக்கு வாசலுக்கு எதிர்வீடு,
அக்-தெரெக், கிர்கிஸ்தான்.

பெறுநர்
உயர்திரு மாவட்டத் தலைவர் அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம், அக்-தெரெக்.

பொருள்: நான்கு நாட்டுப் பெண்கள் கால்பந்துக் கோப்பை – மே 17 ஆட்டத்துக்கு முதல் நாள் மைதானத்தில் குதிரை விளையாட்டு நடத்துவதைத் தடுத்தல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய நான்கு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதல் மனுவுக்கு "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது. இரண்டாவதை விசாரிக்க, நான் யார்மீது புகார் சொன்னேனோ அந்தத் துணைத் தலைவர் மார்லிஸ் அவர்களிடமே அனுப்பினார்கள். மூன்றாவதற்கு, மண் அன்று ஈரமாக இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். ஓராண்டுக்கு முன் காய்ந்துபோன ஈரத்துக்கு நான் எங்கே போய்ச் சான்று வாங்குவது? நான்காவதற்குப் பதிலே இல்லை. அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. சென்ற ஆண்டு உஸ்பெக், தாஜிக், கசாக் அணிகள் நம் ஊருக்கு வந்திருந்தன. ஆட்டத்துக்கு முதல் நாள் மதியம் துணைத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, மூணு நாட்டு விருந்தாளிங்க வந்திருக்காங்க. நம்ம குதிரை ஆட்டம் கோக்-போரு காட்டாம அனுப்பினா நம்மள மனுசன்னு மதிப்பாங்களா? சாவியக் குடுங்க" என்றார். "தம்பி, நேத்துதான் தண்ணி பாய்ச்சினேன். மண்ணு கஞ்சியாக் கெடக்கு. குதிரைய விட்டா நாளைக்குப் பந்து உருளாது" என்றேன். "விருந்தாளி முகத்துல அடிக்கிற மாதிரிப் பேசாதீங்கண்ணே" என்றார். விருந்தாளி என்ற சொல்லுக்கு மேல் நம் ஊரில் எவனும் பேச முடியாது. தாங்களும் பேச மாட்டீர்கள். சாவியைக் கொடுத்தேன். அது என் குற்றம்தான். அதை மறைத்து ஒருபோதும் நான் எழுதியதில்லை.

3. தலை வெட்டிய ஆட்டை வீரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்க, நாற்பது குதிரைகள் இரண்டு மணி நேரம் ஓடின. விருந்தாளிகள் கைதட்டினார்கள். நானும் ஒருமுறை தட்டிவிட்டேன். நல்ல ஆட்டம்தான், பொய் சொல்வானேன்.

4. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தை மண் போட்டு நிரவலாம் என்று மணல் வண்டியோடு காத்திருந்தேன். ஆனால் வென்ற அணித் தலைவர், மைதானம் தந்ததற்கு மரியாதையாக, அந்த ஆட்டைக் குதிரையிலிருந்தபடியே என் வாசலில் வீசிவிட்டுப் போனார். வாசலில் ஆடு விழுந்தால் அந்த வீட்டுக்காரன் அதைச் சமைத்து எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் மனைவி ஷாயிர்கூல், "மண்ணு எங்கயும் ஓடிடாது. வந்தவங்க பசியோட போனா ஏழு தலைமுறைக்குப் பேச்சு" என்று அடுப்பை மூட்டிவிட்டாள். ஆக, என் புல்லை உழுதவர்களுக்கே அன்று பொழுது சாயும் வரை கறியும் தேநீரும் பரிமாறினேன். துணைத் தலைவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

5. மறுநாள் விடிந்ததிலிருந்து ஆட்டம் தொடங்கும் வரை மணல் போட்டும் மேற்குப் பாதியைத்தான் முடிக்க முடிந்தது. குதிரைகள் நுழைந்த கிழக்கு ஓரம் குழிகுழியாகவே கிடந்தது. ஆட்டத்தை ஒருநாள் தள்ளி வைக்கும்படி துணைத் தலைவரிடம் கெஞ்சினேன். "பொண்ணுங்கதானே ஆடப் போறாங்க அண்ணே, என்ன எடை இருக்கப் போகுது?" என்று சிரித்தார்.

6. இரண்டாம் பாதியில் தாஜிக் அணியின் இடது முன்கள வீராங்கனை ஃபர்ஸோனா பந்தோடு கிழக்கு ஓரமாக ஓடி வந்தார். குளம்புக் குழியில் கால் இறங்கி முழங்கால் திரும்பிவிட்டது. அந்தச் சத்தம் எனக்கு வேலியருகே கேட்டது. தூக்கிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இங்க குதிரையா மேய்க்கிறீங்க, மாமா?" என்று கேட்டார். மேய்த்திருந்தால்கூடப் பரவாயில்லை ஐயா. வெட்கமாக இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

7. துணைத் தலைவரின் விசாரணை அறிக்கை இப்படிச் சொல்கிறது: "மைதானப் பராமரிப்பாளர் தாமே முன்வந்து குதிரைகளை அனுமதித்தார். ஆட்டை மகிழ்வோடு ஏற்று விருந்தளித்தது அதற்குச் சான்று." என் வீட்டுக் கறியைத் தின்ற வாயே அதை என் குற்றத்துக்குச் சாட்சியாக்கியது. இருபத்தொரு ஆண்டு வேலை போயிற்று. இப்போது அந்த வேலையில் இருப்பவர் துணைத் தலைவரின் மைத்துனர். நல்ல மனிதர், குதிரைகளைப் பற்றி நிறையத் தெரிந்தவர்.

8. முந்தைய மனுக்களில் வேலையைத் திரும்பக் கேட்டிருந்தேன். அதை இதன் மூலம் கைவிடுகிறேன். அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றும் இனிக் கேட்கவில்லை.

9. இவ்வாண்டும் கோப்பை நம் ஊரில்தான். மே 16 மாலை கோக்-போரு என்று சந்தையில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அதே மைதானம். நேற்றுதான் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். என் சன்னலிலிருந்து தெரிகிறது. ஊருக்கு வெளியே ஆற்றோரம் மேய்ச்சல் வெளி சும்மாதான் கிடக்கிறது. குதிரைகளை அங்கே விட்டால் விருந்தாளிகளுக்கும் குறை வராது, குதிரைகளுக்கும் குறை வராது. கிழக்கு வாசலை மட்டும் மே 15 முதல் பூட்டி, சாவியைத் தங்கள் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என்னைப் போன்றவன் கையில் இருந்தால் யாராவது வந்து விருந்தாளி என்பார், கொடுத்துவிடுவான்.

10. வரும் அணிகளின் பட்டியலை அலுவலகப் பலகையில் பார்த்தேன். தாஜிக் அணியில் பதினோராம் எண், ஃபர்ஸோனா. முழங்கால் தேறி மறுபடி வருகிறார். அதே இடம், இடது முன்களம். எந்த அணி எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஏதோ ஒரு பாதியில் அவர் கிழக்கு ஓரமாக ஓடித்தான் ஆக வேண்டும் ஐயா.

பதில் எழுத வேண்டாம். வாசலைப் பூட்டினால் போதும், எதிர்வீட்டிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

இடம்: அக்-தெரெக்
நாள்: ஏப்ரல் 26

தங்கள் மாவட்டத்துக் குடிமகன்,
(கையொப்பம்)
ஓரோஸ்பெக் தைலாகோவ்