சத்தமில்லாத பள்ளிக்கூடம்

அன்புள்ள அம்மாவுக்கு, தாராவியிலிருந்து பேச்சி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நம்மூரில் வாத்தியாரே வருவதில்லை, தங்கச்சி பூமாரியை இங்கே சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாயே. தையல் பட்டறையில் அரைநாள் லீவு கேட்டு, சித்தியோடு இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் சத்தமே இல்லாததைத்தான் முதலில் கவனித்தேன்.

சித்திக்கு ஒரே சந்தோஷம். "ஏட்டி, பாத்தியா? ஒரு பிள்ள வாயத் தெறக்கல. கண்டிசனான ஸ்கூலு!" என்றாள்.

நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அறை நிறைய பெஞ்சுகள் கிடந்தன. முன்னால் மட்டும் ஐந்தாறு பிள்ளைகள். மற்றவர்கள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விட்டார்களாம். அது நமக்கு எட்டாது. அடுத்த வருஷம் தமிழ் வகுப்பே இருக்காது, இந்தி வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று டீச்சரே சொன்னார். பூமாரியும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்து, என்னைப் போல பாதியில் நின்றுவிடுவாள்.

அவள் வருவாள் என்று என் பாயைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். பரவாயில்லை. யாராவது இங்கே வந்தால் அவளுடைய பழைய பாவாடை ஒன்றைக் கொடுத்துவிடு, தலையணைக்கு உறை தைத்துக்கொள்கிறேன்.

சித்தி கூப்பிடுகிறாள், முடிக்கிறேன். ஒன்று மட்டும் பூமாரியிடம் சொல்லாதே. கிளம்பும்போது டீச்சர், "தங்கச்சிய எப்பம்மா கூட்டிட்டு வருவ?" என்று ஆசையாகக் கேட்டார். அவள் ஊரிலேயே படிக்கிறாள் என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டு வந்தேன்.